வெட்டித் தரவா?

"மீனா? வேணாம்மா. பொணம் தின்ன மீனுன்னு எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க."

கதவு சாத்திக்கொண்டது. அந்தத் தெருவில் அது ஏழாவது கதவு.

அன்னம்மாள் அன்னக்கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தாள். சுனாமி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அவள் குப்பத்தில் மிஞ்சியது ஒரே ஒரு கட்டுமரம். புருஷன் அதில் போய்ப் பிடித்து வந்ததை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் கொண்டு வருகிறாள்.

வழக்கமாக வாங்குகிற தெருக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் இன்று இந்த நெசவுக்காரத் தெரு. இங்கே அவளுக்கு ஒரு முகமும் தெரியாது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்தான் கேட்டது.

'இன்னிக்கும் விக்கலன்னா வலைய வித்துட்டு செங்கச் சூளைக்குப் போயிடுவோம்' என்று புருஷன் காலையில் சொல்லி அனுப்பியிருந்தான். சொன்னால் செய்கிற ஆள்.

சாத்திய கதவு மறுபடி திறந்தது. பெரியநாயகி என்கிற அந்த வீட்டுக்காரி ஒரு பழைய சேலையோடு வெளியே வந்தாள்.

"இந்தாம்மா, பாவம், கட்டிக்க. ஓரத்துலதான் கிழிஞ்சிருக்குது."

"சேல வேணாங்க்கா. சுனாமிக்குன்னு அவங்கவங்க குடுத்த பழந்துணி எங்க ரோட்டோரம் குமிஞ்சு கெடக்குது, மாடு கூட மோந்து பாக்கல. மீன் வாங்குங்க."

"சும்மா குடுத்தாக்கூட வேணாங்கறியே. இந்த நெலமையில இவ்ளோ ரோஷமா?"

"அது ஒண்ணுதாங்க்கா அலையில போவல."

பெரியநாயகி சேலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்னம்மாள் கூடையைத் தூக்கக் குனிந்தாள்.

"அம்மா, இங்க வா."

ரெண்டு வீடு தள்ளி, பச்சைக் கதவைப் பிடித்தபடி ஒருத்தி நின்றிருந்தாள். பிறகு பேர் தெரிந்தது, மங்கையர்க்கரசி.

"இருக்கறதுல பாதி குடும்மா."

அன்னம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "சங்கராவா, காரப்பொடியா?"

"அந்தச் செவப்பா இருக்கறது."

செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை, விலை பேசவில்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியைக் கையெட்ட நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வெட்டித் தரவா?"

"வேணாம்மா. அப்படியே போடு."

கொஞ்சம் திமிர் பிடித்தவள்தான் என்று நினைத்துக்கொண்டாள் அன்னம்மாள். இருந்தாலும் வாங்கினாளே.

மறுநாளும் பாதிக் கூடை போனது. "ஒரு வீடாச்சும் வாங்குதே" என்று புருஷன் வலையை விற்கிற பேச்சை நிறுத்தினான்.

மூன்றாம் நாள், தங்கள் வீட்டுக் குழம்புக்கு என்று எடுத்து வைத்திருந்த ஒரே வவ்வால் மீனையும் கொண்டு வந்திருந்தாள்.

"இது காசுக்கு இல்லம்மா. உனக்கோசரம்."

"ஐயோ, எனக்கெதுக்கும்மா..."

"கையால குடுக்கறேன், வாங்கிக்க. கொழம்பு வெச்சுப் பாரு, என்னை நெனச்சுக்குவே."

அன்றைக்கும் வாங்கிய பாதிக் கூடை மீன் இருந்த வாளியை மங்கையர்க்கரசி தயங்கித் தயங்கி நீட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கை கழுவப் பின்சந்துக் குழாய்க்குப் போன அன்னம்மாள், குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். முருங்கை மரத்தடியில் மண்ணைத் தள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி காலியாகக் கிடந்தது.

அன்னம்மாள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்து கையாலேயே மண்ணைப் பறித்தாள்.

மேலாக இருந்தது அந்த வவ்வால்தான். அதன் மேல் ஒரு சிட்டிகைத் திருநீறு.

"இன்னாம்மா இது? எம்மீனு பொணம் தின்னுச்சுன்னு நீயும் நம்பிட்டே. அதுக்குக் கருமாதி வேற பண்றியா?"

"மெதுவாப் பேசும்மா."

"இன்னாத்துக்கு மெதுவா? தெருவே கேக்கட்டும். உனக்கு அந்த சேலக்காரி தேவல. வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா. எம்புருஷன் உசுரக் கையில புடிச்சிக்கினு போய்க் கொண்டாந்தத மண்ணுல போட்டு மூடறியே, வயிறு எரியுதும்மா."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. நெற்றி நிறையத் திருநீறோடு மங்கையர்க்கரசியின் புருஷன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

"பொணம் தின்னுதுன்னு திருநீறு வெக்கலம்மா" என்றாள் மங்கையர்க்கரசி. "அதுவும் ஒரு உசுருதானே. சும்மா எப்படிப் பொதைக்கறது?"

"பொதைக்காம கொழம்பு வெக்கறதுதானே?"

"வெக்கத் தெரியாதும்மா. நாங்க சைவம். இந்த வீட்ல மீன் சமைச்சதே கெடையாது."

அன்னம்மாளின் மண் பிடித்த கை அப்படியே நின்றது. செவுள் பார்க்காதது, முகத்தைத் திருப்பியது, வெட்ட வேண்டாம் என்றது எல்லாம் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அப்புறம் எதுக்கும்மா மூணு நாளா வாங்கினே?"

மங்கையர்க்கரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத நாளு அந்தச் சேலைய நீ வேணாம்னதப் பாத்துக்கினு நின்னேன். சும்மா குடுத்தா நீ வாங்க மாட்டியேம்மா."