பதினேழாம் எண் வில்லை

நான்கு போர் விமானங்களை மூன்று வாரம் ஐஸ்லாந்தில் நிறுத்தும் திட்டத்தை நார்வேயில் தயாரித்தவள் தோர்டிஸ். டயர்கள், மெக்கானிக்குகள், படுக்கைகள் எல்லாம் அவள் கணக்கு. அவளும் உடன் வந்திருந்தாள்.

விமானங்கள் நிற்கும் ஹேங்கரில், சுவர்ப் பலகையிலிருந்து கருவியை எடுப்பவர் அதன் ஆணியில் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை மாட்ட வேண்டும். கருவி திரும்பாமல் ஒரு வில்லை தொங்கினாலும் விமானம் பறக்காது.

முதல் நாள் காலை டார்ச் இருந்த இடத்தில் பதினேழாம் எண் தொங்கியது. அது மெக்கானிக்காக இருந்த அவள் கணவன் ஐவின்டின் எண். மார்ச் மாதம் சவப்பெட்டியை மூடுமுன் அவன் சட்டைப்பையில் அவள்தான் அந்த வில்லையை வைத்தாள். சற்று நேரத்தில் டார்ச் திரும்பியிருந்தது. வில்லை இல்லை.

தினமும் அப்படியே நடந்தது. தோர்டிஸ் காலைக் காப்பியைப் பலகையருகே குடிக்கத் தொடங்கினாள்.

"செத்தும் ஓவர்டைம் பாக்குறான் பாரு உன் புருஷன்," என்றார் தலைமை மெக்கானிக் ஸ்டைனர். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

ஊர் திரும்பும் நாளில் மதியமாகியும் வில்லை போகவில்லை.

"மூணு மணிக்கெல்லாம் மூடுபனி வந்துடும். நான் சொல்லி எப்ப கேட்டிருக்கான் அவன்? நீயே சொல்லும்மா," என்றார் ஸ்டைனர்.

அவள் பலகை முன் நின்றாள். "ஐவின்ட், வேலை முடிஞ்சுதுப்பா. வச்சுடு. நாங்க கிளம்பணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது டார்ச் இருந்தது. தொட்டாள். கைச்சூடு ஆறவில்லை.

மறு ஆண்டுத் திட்டத்தில் ஒரு படுக்கை கூடுதலாக எழுதினாள். அதே ஹேங்கரில் தினமும் டார்ச்சைத் தானே எடுத்து ஒளித்துவிட்டு, பதினேழாம் எண் வந்து தொங்குமா என்று காப்பியோடு காத்திருந்தாள். மூன்று வாரமும் அந்த ஆணி வெறுமனே இருந்தது.