எழிலுக்கு வயது பதினெட்டு

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க டீச்சர், இந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயசுக்குள்ளதானா?"

சங்கிலிமுத்து மேஜையில் ஓங்கி அடித்ததில் போட்டிச் செயலாளர் சுந்தரபாண்டியின் தேநீர் தம்ளர் துள்ளியது. விருதுநகர் மைதானத்தில், பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாவட்டக் கால்பந்து இறுதி ஆட்டம் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சங்கிலிமுத்து பயிற்சி கொடுத்த டவுன் பள்ளி, மூன்று கோல் வாங்கித் தோற்றிருந்தது. மூன்றையும் அடித்தவள் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளியின் எழில்.

அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை வேல்விழி, சிவப்புப் பேனாவால் ஆட்டக் குறிப்பை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"எட்டாப்புதான் படிக்கிறா சார்."

"எட்டாப்பா! அப்ப இது என்ன?"

சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வீசினார் சங்கிலிமுத்து. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. எழிலின் படம், பெயர், கீழே 'வயது 18'. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் பெயருக்குத் தபாலில் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. முகவரி மட்டும் சிவப்பு மையில் இருந்தது. ஜெயித்துவிட்டால் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் பையிலேயே வைத்திருந்தார்.

"போன சனிக்கிழமை விடியக்காலம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு என் கண்ணால பாத்தேன். இதே பிள்ளை கம்பெனி பஸ்ல ஏறிப் போகுது. பதினெட்டு முடியாத ஆளைப் பட்டாசு வேலைக்கு எடுக்க முடியாது. தெரியும்ல?"

"விடுங்க சார், பள்ளிக்கூடப் பதிவேட்டுல பதிமூணுன்னுதான் இருக்கு" என்றார் சுந்தரபாண்டி.

"அந்தப் பதிவேட்டை எழுதுனது யாரு? இவுகதானே! அங்கன பாருங்க."

கோல் கம்பத்தடியில் அவருடைய அணித்தலைவி மஹ்ரீன் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளையை ஆட அனுப்பச் சொல்லி அவ வாப்பா கடை வாசல்ல ஆறு மாசம் நின்னேன். தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுனதுக. ஜெயிச்சா மாநிலப் போட்டி. அம்புட்டையும் ஒரு கழுதை வயசுக்காரியை இறக்கிக் கெடுத்துட்டீகளே! வெக்கமா இல்ல?"

வேல்விழி பேனாவை மூடினார். கோபமில்லை, பயமில்லை. அந்த நிதானம்தான் சங்கிலிமுத்துவை இன்னும் சீண்டியது.

"வாயால சொன்னா எப்படி சார்? எழுத்துல குடுங்க. எந்தக் கம்பெனி, என்னைக்கு, எத்தனை மணிக்குப் பாத்தீக, எல்லாத்தையும் எழுதுங்க. தைரியம் இருந்தா கலெக்டருக்கும் ஒரு நகல் அனுப்புங்க."

"அனுப்பத்தான் போறேன்! பெரியாஸ்பத்திரியில பல்லையும் எலும்பையும் படம் பிடிச்சுப் பாக்கட்டும். உங்க வேலைக்கே உலை வைக்கல, எம்பேரு சங்கிலிமுத்து இல்ல!"

அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. கையெழுத்துப் போட்டு, அட்டையையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார். டீச்சருக்குப் பின்னால் நின்றிருந்த எழில் ஒரு முறை அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாட்டிக்கொண்ட பயம் என்று சங்கிலிமுத்து நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலையில் மூவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார்கள். சுந்தரபாண்டி அறிக்கையைப் பிரித்து வாசித்தார்.

"வயது பதிமூன்று. பதினான்கு நிறைவடையவில்லை. உங்க புகார் தள்ளுபடி சார். கோப்பை அவுகளுக்குத்தான்."

சங்கிலிமுத்துவின் முகம் செத்துப் போனது.

"அப்ப அந்த அட்டை?"

"வேலைக்கு வைக்கிறதுக்காகக் கம்பெனிக்காரன் போட்ட பொய் வயசு" என்றார் வேல்விழி.

"எந்தப் பய இதை எனக்கு அனுப்புனான்? என்னை முட்டாளாக்கிட்டானே! கையில மட்டும் கிடைக்கட்டும், தோலை உரிச்சுப்புடுறேன்!"

சுந்தரபாண்டியின் செல்போன் அடித்தது. பேசி முடித்ததும் அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

"சூலக்கரை கலெக்டர் ஆபீசுலேருந்து. டாக்டர் அறிக்கை நேத்தே அங்க போயிருச்சு. அதையும் உங்க புகாரையும் கையில வச்சுக்கிட்டு இன்னைக்குக் கம்பெனிக்குள்ள போயிட்டாகளாம். எழில் மாதிரியே இன்னும் பதினோரு பிள்ளைக இருந்துச்சாம். கம்பெனிக்கு சீல் வச்சாச்சு."

அதுவரை நிதானமாக இருந்த வேல்விழியின் குரல் முதல் தடவையாக நடுங்கியது.

"மூணு வருசத்துல அந்தக் கம்பெனி மேல ஏழு மனு குடுத்தேன் சார். 'அப்படி ஒரு பிள்ளையே இங்க இல்ல'ன்னு ஒரு பதில். 'எல்லாருக்கும் பதினெட்டு முடிஞ்சிருச்சு'ன்னு இன்னொரு பதில். போன தீபாவளி சீசன்ல அதே கம்பெனியில என் கோல்கீப்பர் பொன்னுத்தங்கத்துக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு. அன்னைக்கும் ஒரு நாய் எட்டிப் பாக்கல!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்குத் தன் சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிவப்பு மையையே பார்த்துக்கொண்டு நின்றார் சங்கிலிமுத்து.

"தோலை உரிக்கணும்னா உரிச்சுக்கோங்க சார். நான் கத்துனா யாருக்கும் கேக்கல, டவுன் வாத்தியார் ஒருத்தர் தோத்த கோவத்துல கத்துனாக் கேக்கும்னு தோணுச்சு. அதான் எழில்கிட்ட அட்டையை வாங்கி, உங்க பேருக்கு நானே தபால்ல போட்டேன்."