மேற்குக் கரையே போகலாம்

“டிரைவர், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. இந்தத் தீவுக்கு வந்துட்டு, கிழக்குக் கரையைப் பாக்காம யாராவது திரும்பிப் போவாங்களா?” பின் சீட்டிலிருந்து கேட்டாள் மனைவி.

ஸ்டியரிங்கில் கை வைத்திருந்தவர் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், “அவரை ஏன் இழுக்கிற? நான் சொல்றதை முதல்ல கேளு” என்று குறுக்கே புகுந்தார் மருந்துக் கடைக்காரர்.

வீட்டில் பெட்டி கட்டும்போதே ஆரம்பித்த சண்டை இது. படகிலும் தொடர்ந்தது. போனில் சொல்லி வைத்திருந்தபடி படகுத்துறை வாசலில் வெள்ளைக் கார் நிற்பதைக் கண்டு, கதவைத் திறந்து இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்களே தவிர, பேச்சு அறுபடவே இல்லை.

விஷயம் இதுதான். சாயங்காலப் படகைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள். இருக்கிற பொழுதில் ஒரு கரையைத்தான் பார்க்க முடியும். கிழக்கே மணலை ஒட்டித் தட்டையாக ஓடும் சாலை, வழியெல்லாம் கடைகள். மேற்கே பாறைமேல் ஏறி இறங்கும் சாலை, உச்சியில் கலங்கரை விளக்கம், கீழே முட்டி மோதும் கடல்.

மருந்துக் கடைக்காரருக்கு மேற்குதான் வேண்டும். யாரோ கிறுக்கி அனுப்புவதை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தே காலம் தள்ளியவர் அவர். வீட்டிலும் அதே கதைதான். ஜன்னல் திரையின் நிறத்திலிருந்து வீட்டு மாப்பிள்ளை வரைக்கும் மனைவி சொன்னதே முடிவு. இந்த ஒரு தடவையாவது தன் பேச்சு எடுபட வேண்டும் என்று மனதுக்குள் சபதமே எடுத்திருந்தார், பாவம்.

“மேற்கே என்ன இருக்கு, வெறும் பாறை! வளைஞ்சு வளைஞ்சு போனா எனக்குத் தலை சுத்தும்.”

“மாத்திரை கொண்டு வந்திருக்கேன்.”

“எதுக்கெடுத்தாலும் மாத்திரை! கிழக்கே போனா உங்க தங்கச்சிக்கு ஒரு சிப்பி மாலையாவது வாங்கலாம்.”

“என் தங்கச்சி மேல உனக்கு என்னிக்கும்மா இவ்வளவு பாசம் வந்துச்சு?”

மனைவி சட்டென்று கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் அவருக்கு வாய்த்ததே இல்லை. விடுவாரா?

“டிரைவர், மேற்குக் கரையே போகலாம்!” என்றார்.

முன் சீட்டுக்காரர் உடனே கிளம்பவில்லை. எதிர்வரிசைக் கடைகளை ஒரு தடவை பார்த்தார். கண்ணாடி வழியே மருந்துக் கடைக்காரரையும் பார்த்தார்.

“நிஜமாவா சார்? வீட்டம்மா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்! எத்தனை நாளைக்குத்தான் பயந்துக்கிட்டே இருக்கிறது? ஆம்பளையா லட்சணமா வண்டியை எடுங்க.”

தன் வாயிலிருந்தா இதெல்லாம் வருகிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. முன் சீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த நொடி கார் சீறிக்கொண்டு பறந்தது.

முதல் வளைவு வரை மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வளைவில், பாறை விளிம்பைத் தாண்டிக் கடல் மொத்தமும் விரிந்தபோது, “அட!” என்றாள். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முன் சீட்டுக்காரர் அதற்கு மேல். திருப்பத்துக்குத் திருப்பம் வண்டியை நிறுத்தினார், இறங்கினார், வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கலங்கரை விளக்கத்தைப் பின்னால் வைத்துத் தன்னை ஒரு படம் எடுத்துத் தரும்படி கேட்டபோது மருந்துக் கடைக்காரர் நெகிழ்ந்தே போனார்.

“தினம் பாக்கிற இடத்தையே எப்படி ரசிக்கிறார் பாரு! தொழில்ல பக்தின்னா இது” என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

நடுநடுவே அந்த மனிதரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து, எச்சில் விழுங்கி, அப்படியே கவிழ்த்து வைத்தார்.

“வீட்டுலயிருந்தா? எடுத்துப் பேசுங்களேன்.”

“வேண்டாம் சார். இப்ப எடுத்தா இந்த அழகெல்லாம் போயிடும்.”

மருந்துக் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். உலகத்தில் தான் தனியாள் இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

திரும்பும் வழியில் அந்த அதிசயமும் நடந்தது. “ஏங்க, நீங்க சொன்னதுதாங்க சரி. நல்லவேளை, இந்தப் பக்கம் வந்தோம்” என்றாள் மனைவி. அவர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று நினைத்து, ஆசையை அடக்கிக்கொண்டார்.

படகுத்துறைக்குக் கொஞ்சம் முன்னாலேயே, ஒரு சந்து முனையில் கார் நின்றுவிட்டது. முன் சீட்டுக்காரர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“என்னாச்சு டிரைவர்? வாசல்லயே இறங்கிக்கிறோமே. எவ்வளவு தரணும்?”

“அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் சார். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. படகுத்துறைக்கு எதிர்ல இருக்கிற தொப்பிக் கடை வாசல்ல யாராவது ஒரு அம்மா நிக்கிறாங்களான்னு எட்டிப் பாத்துச் சொல்லுங்க.”

மருந்துக் கடைக்காரர் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தார். ஒரு அம்மாள் நின்றுகொண்டுதான் இருந்தார். தலையில் புத்தம் புதுத் தொப்பி. கையில் ஆண்கள் போடும் தொப்பி ஒன்று, பிழிந்த துணி மாதிரி கசங்கிக் கிடந்தது.

“நிக்கிறாங்க, காளி மாதிரி. யாருங்க அவங்க?”

“என் சம்சாரம் சார். காலையில உங்க போட்லதான் வந்தோம், நானே ஓட்டலாம்னு இந்தக் காரை வாடகைக்கு எடுத்தேன். அவ தொப்பி வாங்கப் போன நேரத்துலதான் நீங்க ஏறினீங்க; கிழக்குக் கரைதான் போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னா.”