மஞ்சள் மூலை

சோப்பு பட்டதும் மூலை சிவந்தது.

அவன் சட்டென்று குழாயை மூடினான். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாதவன் இல்லை. பதற்றத்தில் தோன்றவில்லை.

புத்தம்புதுப் பத்து ரூபாய் நோட்டு. மூன்று மூலையில் மஞ்சள். சோப்பு பட்ட நான்காவது மூலை மட்டும் குங்குமச் சிவப்பு.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"புதுப் பணத்த வெறும்னா வெக்கலாமா கண்ணு? வெள்ளிக்கெழம வேற. அதான் மஞ்ச தொட்டு வெச்சேன்."

அவன் முதுகைத் திருப்பி நோட்டை மறைத்துக்கொண்டான். பார்த்தால், அந்த ஒரு நோட்டுக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பாள்.

தப்பு அவனுடையதுதான். புது நோட்டுக் கட்டிலிருந்து அதை உருவி, கட்டின் மேலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கக் கூடாது. ஆல்பத்தில் செருகியிருக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான் செய்வான். இன்று அவசரத்தில் விட்டுவிட்டான்.

துண்டால் ஒற்றி எடுத்தான். மின்விசிறிக்கு அடியில் காயவைத்தான்.

மஞ்சள் போகவில்லை.

*

வங்கி வங்கியாகப் போய்ப் புது நோட்டுக் கட்டு வாங்குவது அவனுக்குப் பழைய பழக்கம். ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நூறு பத்து ரூபாய் நோட்டுகள். வரிசை எண் மாறாமல், காகிதப் பட்டை சுற்றி, கத்திபோல் விளிம்போடு.

சேகரிக்கிறவர்கள் அதில் 786 தேடுவார்கள். ஆறு இலக்கமும் ஒன்றுபோல் வருவதைத் தேடுவார்கள். அவனும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான், போன வருடம் வரை.

அதற்குப் பிறகு ஒரே எண். 190304.

மாலை வகுப்பில் தேர்வு விண்ணப்பங்களைக் கைமாற்றி அனுப்பியபோது பார்த்தது. இலக்கியா. பிறந்த தேதி 19-03-04.

பவானியில் கிடைக்கவில்லை. ஈரோட்டில் கிடைக்கவில்லை. வேண்டாத நோட்டுகளை மளிகைக் கடையில் கொடுத்து மறுபடி ஆயிரமாக்கிக்கொண்டு அடுத்த வங்கிக்குப் போவான். இது கிடைக்கக்கூடிய காரியம்தானா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் தோன்றும். கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றும்.

இன்று மதியம் கேஷியர் கண்ணாடிக்கு அடியில் ஒரு கட்டைத் தள்ளினார்.

"தம்பி கண்டக்டருங்களா?"

அவன் கட்டை இழுத்துக்கொண்டான். மேல் நோட்டைப் பார்த்தான்.

190301.

மூன்றைத் தள்ளினால் அவள்.

*

என்ன சொல்லிக் கொடுப்பது என்பது மட்டும் இத்தனை நாளில் முடிவாகவில்லை. எழுதிப் பார்த்த எதுவும் மறுநாள் படிக்கும்படி இல்லை.

கடைசியில் ஒரே வார்த்தை போதும் என்று வைத்துக்கொண்டான்.

இலக்கியா எந்த நோட்டையும் நான்காக மடித்துத்தான் அந்தச் சின்னப் பர்ஸில் வைப்பாள். டீக்கடையில் பார்த்திருக்கிறான்.

மடிச்சறாத.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்பாள். அப்புறம் எண்ணைப் பார்ப்பாள்.

*

மாலை வகுப்புக்குச் சார் இன்னும் வரவில்லை. நோட்டு அவன் புத்தகத்துக்குள் இருந்தது.

மஞ்சளோடே கொடுத்துவிடலாம். சிரிப்பாள். சிரித்தால் என்ன?

இலக்கியா ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தாள். முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவருக்காய்க் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

அவன் முன்னால் ஒரு கவர்.

நான்கு மூலையிலும் மஞ்சள்.

"வர்ற மாசம் பதினொண்ணு, என்ர கல்யாணம். கண்டிப்பா வந்தரோணும்."

அவன் வாங்கிக்கொண்டான். பிரிக்கவில்லை. கையில் வைத்திருக்க முடியாமல் புத்தகத்தைத் திறந்தான்.

"அட!" அவள் குனிந்தாள். "மொய்ப் பணத்துக்கு இப்பவே மஞ்ச வெச்சுட்டயா?"

பக்கத்தில் இருந்த சபரிநாதன் எட்டிப் பார்த்தான். "பத்து ரூவாயா? டேய், அங்க எலைக்கே அதுக்கு மேல ஆகும்டா."

"கெடக்குது உடு. மொத மொய்யி." அவள் கையை நீட்டினாள். "ஆனா ஒரு ரூவா சேர்த்தி வெய்யி. வெறும் பத்தா வாங்க மாட்டேன்."

அவன் சட்டைப் பையைத் தடவினான். சில்லறை இல்லை.

சபரிநாதன் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிவிட்டான். "இந்தா புள்ள. இது என்ர பங்கு."

அவள் சிரித்துக்கொண்டே பிடித்தாள். இன்னொரு கை நீட்டியபடியே இருந்தது.

அவன் நோட்டைக் கொடுத்தான்.

வார்த்தை நாக்கு வரை வந்தது. சபரிநாதன் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும்.

"வர்றேன்" என்றான்.

*

சார் வந்து பற்று வரவு சொல்லிக்கொண்டிருந்தார். அவன் இரண்டையும் மாற்றிப் போட்டான். அடித்துவிட்டு மறுபடி மாற்றிப் போட்டான்.

மூன்று பெஞ்சு முன்னால் இலக்கியா பர்ஸைத் திறந்தாள். நாணயம் உள்ளே போனது.

நோட்டை இரு கையிலும் எடுத்தாள். வளைத்தாள்.

கட்டைவிரல் நின்றது.

டியூப் லைட்டுக்கு நேராகக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். சிவந்த மூலையைப் பார்க்கிறாளோ என்னவோ.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். விரல் நுனியில் கவரின் மஞ்சள் ஒட்டியிருந்தது. துடைத்தான். போகவில்லை.

நிமிர்ந்தபோது பர்ஸ் மூடியிருந்தது. நோட்டு அவள் புத்தகத்தின் இரண்டு பக்கங்களுக்கு நடுவே மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மடிக்கவும் இல்லை.