நிற்காத புள்ளி

பதினைந்து நிமிஷத்துக்கு மேல் எங்கேயும் நிற்கக் கூடாது.

காலையிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் கணக்கு. பாலத்தில் ஐந்து நிமிஷம். பூங்காவில் எட்டு. அப்புறம் நடை, நடை, நடை.

பனி தூறலாக விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய நகரத்தில் அவளை யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கே இருக்கிறாள் என்பது ஒருவனுக்கு மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் தெரிந்தாக வேண்டும்.

அவள் கணவனுக்கு லாரி கம்பெனியில் உத்தியோகம். நாள் முழுக்கத் திரையை முறைத்துக்கொண்டிருக்கும் வேலை. திரையில் எண்பது புள்ளிகள். எண்பது லாரிகள். நகர்கிற புள்ளியை அவன் கண்டுகொள்ள மாட்டான். பதினைந்து நிமிஷம் நின்றுவிட்டால் போன் போடுவான். எடுக்காவிட்டால் நேரிலேயே போய் நிற்பான்.

எண்பத்தொன்றாவது, வீட்டுப் புள்ளி.

போன மழைக்காலத்தில் அது ஒரு துணிக்கடையில் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் அவன் கத்தவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் சரியாக மடங்குவதில்லை. இந்தக் குளிருக்கு அவை விண் விண்ணென்று தெறித்தன.

வலது கை மட்டும் காலையிலிருந்து கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. குளிரில் பேட்டரி பொசுக்கென்று செத்துவிடும். இதுவும் அவன் சாப்பிடும்போது சொல்லித் தெரிந்துகொண்டதுதான். புள்ளி அணைந்தால் கதை முடிந்தது. அதனால் முட்டையை அடைகாக்கிற மாதிரி, உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றிக்கொண்டே நடந்தாள்.

நாலு மணிக்குப் படகு. டிக்கெட்டெல்லாம் அக்கா எடுத்துவிட்டாள். அக்கரை வேறு தேசம். அங்கே அவன் திரையும் எட்டாது, கையும் நீளாது.

படகு கரையை விட்டு நகர்கிற வரை அவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது.

மிருகக்காட்சி சாலையில் அவன் கொடுத்த கார்டிலேயே இரண்டு டிக்கெட் வாங்கினாள். எது வாங்கினாலும் அவன் போனுக்குத் தகவல் போய்விடும். வாசலில் டிக்கெட்டைக் கிழித்தவர் நிமிர்ந்து, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

கரடிக் கூண்டு காலி. பனியில் நனைந்த ஒட்டகம் ஒன்று, நானும் உன்னை மாதிரி தெரியாத்தனமாக இங்கே வந்து மாட்டிக்கொண்டவன்தான் என்பதுபோல் பார்த்தது. கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. ஒரே ஒரு நிமிஷம் என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். கண் சொருகியது அவளுக்கே தெரியவில்லை.

கைப்பைக்குள் போன் அடித்தது.

"என்ன, கால்ல வேர் விட்டிருச்சா? பதினாறு நிமிஷமா புள்ளி அசையக் காணோமே."

ஒட்டகத்தை வேடிக்கை பார்த்ததாகச் சொன்னாள். குரல் நடுங்கிவிடக் கூடாதே என்று கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டாள்.

அவன் சிரித்தான். அவன் கோபத்தைக்கூடத் தாங்கிக்கொள்வாள், அந்தச் சிரிப்புதான் ஆகாது. இன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். அவனும் வந்து சேர்ந்துகொள்கிறானாம். எங்கே வரட்டும் என்று கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

மணி இரண்டே முக்கால்.

துறைமுகம் தெற்கே இருந்தது. அவள் வடக்கே நடந்தாள். அதை நடை என்று சொல்ல முடியாது. சந்தைத் தெரு, ரயில் நிலையம், பூட்டிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் நீள மதில். ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தாள். இடது கையைத்தான் ஊன்றினாள். வலது கையை அப்போதும் வெளியே எடுக்கவில்லை.

பின்னால் வருகிற ஒவ்வொரு காலடியும் அவனுடையதாகக் கேட்டது.

மூன்றரை. மூன்றே முக்கால். இனி திரும்பி ஓடினாலும் படகைப் பிடிக்க முடியாது.

அவள் திரும்பவில்லை.

எங்கோ ஒரு மணிக்கூண்டு நாலு அடித்தது. அதற்கப்புறமும் நடந்தாள். நாலு ஐந்துக்கு, கைப்பைக்குள் போன் ஒரே ஒரு தரம் உறுமியது. அக்கா. ஒரே வார்த்தை.

'கிளம்பிட்டோம்.'

அதை அழித்தாள். சதுக்கத்தைத் தாண்டி, காவல் நிலையத்து வாசல் விளக்குக்கு நேர் கீழே போய் நின்றாள். இனி அசைய வேண்டியதில்லை.

பதினான்காவது நிமிஷம் அவன் வந்தான். ஒரு கையில் போன் திரை. மூக்கும் காதும் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உதட்டில் அதே சிரிப்பு.

அவன் பார்வை அவள் முகத்தில் தங்கவில்லை. அவள் இடுப்பு உயரத்தில் இந்தப் பக்கம் தேடியது, அந்தப் பக்கம் தேடியது.

"பாப்பா எங்க?"

போன வாரம் பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதன் இடது கையைப் பிடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணியபோதும் இதே குரல்தான். அன்றைக்கே அவள் அக்காவிடம் பேசிவிட்டாள். நீயும் வந்துவிடு, மூன்று டிக்கெட் எடுக்கிறேன் என்றுதான் அக்கா அழுதாள்.

புள்ளி தானாக நடக்காதே.

அவள் வலது கையை வெளியே எடுத்து விரித்தாள்.

ரோஸ் நிற வார் போட்ட குட்டிக் கைக்கடிகாரம். பாப்பாவின் பிறந்தநாளுக்கு அவனே வாங்கி, அவனே கட்டிவிட்டது. இந்தக் குளிரிலும் அதில் சூடு ஆறவில்லை, இப்போதுதான் ஒரு குழந்தையின் மணிக்கட்டிலிருந்து கழற்றியதுபோல.

அவன் திரையில் புள்ளி இன்னமும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.