இருபதில் ஒரு தப்பு

"...ஒவ்வொரு கிளிக்குக்கும் நடுவுல அணுவளவும் பிசகாத ஒரே இடைவெளியாம். இது மனுஷக் கை இல்லை, மெஷின்தான்னு போட்டி நடத்தறவன் எழுதியிருக்கான். ஞாயித்துக்கிழமை ஃபைனல்ஸ்ல ஆட முடியாதாம்," என்றாள் மாளவிகா, ஸ்கிரீனைப் பார்த்தபடி.

மயிலாப்பூர் பிரவுசிங் சென்டரில் பக்கத்து நாற்காலியிலிருந்த தம்பி நிரஞ்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த இன்டர்நெட் விளையாட்டில் ஒளிரும் கட்டத்தை உடனே கிளிக் செய்ய வேண்டும். ஒரு மாதமாக அவனுக்காக ஆடியது அவன் எழுதிய புரோகிராம்.

"எப்படிக்கா மாட்டித்து? அச்சு அசல் மனுஷன் மாதிரின்னா பண்ணியிருந்தேன். ஒரு கிளிக் சீக்கிரம், ஒண்ணு லேட். நடுநடுவுல தயங்கும். இருபதுல ஒரு தடவை தப்பான கட்டத்தைக்கூட அழுத்தும்."

"திருட்டுலயும் எவ்வளவு நேர்த்தி."

"கிண்டல் பண்ணாதே. நீயாவது ஞாயித்துக்கிழமை ஒழுங்கா ஆடி ஜெயி."

"உன் பேர் லிஸ்ட்ல பத்திரமா இருக்குடா. இந்த மெயில் எனக்கு வந்தது."

நிரஞ்சன் அவள் விரல்களைப் பார்த்தான். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவள். எல்லா எழுத்துக்கும் ஒரே வேகம், ஒரே அழுத்தம் என்று பத்து வருஷமாக இன்ஸ்டிட்யூட்டில் ஸ்கேலால் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பவள்.

"நாளைக்கு அவன் எதிர்ல ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினா சேர்த்துப்பானாம்," என்றாள் மாளவிகா. "உன் புரோகிராமைக் கொஞ்சம் ஓட விடேன். எப்படித் தயங்கறதுன்னு பார்த்துக் கத்துக்கறேன்."