நந்தவனப் பாவாடை

“இதக் கட்டிக்கிட்டு நான் கேமரா முன்னால நிக்கணுமா? முடியாதுங்க!”

கதாநாயகி ராமாமணி வீசியெறிந்த பட்டுப் பாவாடை, உடை மானேஜர் பாலகோபாலின் தோளில் வந்து விழுந்தது. பிரித்துப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. ராணி நந்தவனத்தில் உலாவும் காட்சிக்காகப் பூப்பூவாகத் தைக்கச் சொன்ன பாவாடை அது. பச்சை ரோஜா, ஊதா இலை, செங்கல் நிறத்தில் ஒரு மயில்!

தையலில் குற்றம் சொல்ல இடமில்லை. இதழெல்லாம் தொட்டால் உதிர்ந்துவிடும் போல அத்தனை உயிரோடு இருந்தன. நிறம்தான் பைத்தியம் பிடித்துக் கிடந்தது.

தைத்தவர் உக்கடம் ரசாக் பாய். மாப்பிள்ளைச் சட்டைக்கும் தொழுகைக் குல்லாவுக்கும் அவர் போடும் சரிகை வேலைக்காகக் கோயம்புத்தூரில் ஆட்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அவரைக் கெஞ்சிக் கூத்தாடி ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தவரே பாலகோபால்தான். வெயில் பட்டால் கண்ணில் நீர் வழிகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மூக்கு துணியில் உரசக் குனிந்து, முடியும்வரை யாருக்கும் காட்டாமல் நாற்பது நாள் தைத்தார் மனுஷன். வண்ணப் பட்டு நூலை அவர் கையில் எடுத்தது இதுதான் முதல் தடவை.

பாலகோபாலுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. ஸ்டூடியோவுக்கு வந்த முதல் நாளே ஒரு தாவணியைக் கொடுத்து, “சிவப்பு ரவிக்கை போட்ட பொண்ணுகிட்டக் குடுங்க” என்று அனுப்பினால், பாய் அதைப் பச்சை ரவிக்கைக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதற்காகப் பத்துப் பேர் முன்னால் அவரைத் திட்டித் தீர்த்திருந்தார் பாலகோபால். அந்த வன்மம்தான் இப்படி வந்து விடிந்திருக்கிறது!

நேரே தையல் அறைக்குப் போனார்.

“ஏனுங்க பாய், என் மேல கோவம்னா என்னைய நாலு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே. அதைத் துணியிலயா காட்டுவீங்க?”

ரசாக் பாய் பாவாடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் குழப்பம். “நல்லாத்தானுங்களே வந்திருக்குது?”

“நக்கலுங்களா? நாளையிலிருந்து வர வேண்டாமுங்க!”

பாய் ஊசிகளை ஒரு துணியில் சுருட்டி இடுப்பில் செருகினார். நெற்றிக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்தபடி வெயிலில் இறங்கி நடந்துவிட்டார். அந்த நடையைப் பார்க்கப் பாலகோபாலுக்கு என்னவோ செய்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

சாயங்காலத்துக்குள் நந்தவன செட்டைப் பிரித்தாக வேண்டும், மறுநாள் அங்கே வேறு கம்பெனியின் படப்பிடிப்பு. மாற்றுப் பாவாடையும் கிடையாது. டைரக்டர் பாலகோபாலைப் பார்த்த பார்வையில், அவருடைய வேலைக்கும் அன்றைக்கே முடிவு தெரிந்தது.

கேமராமேன் வெங்கடபதிதான் நடுவில் வந்து சமாதானம் பேசினார். “நாம எடுக்கறது கறுப்பு வெள்ளப் படமுங்க அம்மணி. பச்ச ரோசாவ தியேட்டர்ல எவன் பாக்கப் போறான்? ஒரு ஷாட் வந்து நில்லுங்க.”

ராமாமணி உதட்டைச் சுழித்துக்கொண்டே கட்டினாள். நந்தவனத்தில் நடந்தாள். லைட் தூக்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் காலை, எடுத்ததைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். பாலகோபால் கடைசி நாற்காலியில், பாதிக் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

ராணி நடந்து வந்தாள்.

மூன்று வருஷமாகப் பாலகோபால் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சிவப்புப் பூவும் பச்சை இலையும், திரைக்கு வந்தால் ஒரே சாம்பல் திட்டாகத்தான் அப்பிக்கொள்ளும். இப்போது அப்படி இல்லை. இதழ் தனி, நரம்பு தனி, பனித்துளி தனி. ஒவ்வொரு அடிக்கும் மயில் தோகையை விரித்தது. பாவாடையில் காற்று அடிப்பது போலவே இருந்தது.

“இன்னொருக்கா போடுங்க!” என்று முதலில் கத்தியது ராமாமணிதான்.

மூன்றாம் தடவை ஓடி முடிந்ததும் வெங்கடபதி எழுந்தார். “எந்தக் கலரு எப்படி விழும்னு எனக்கே பாதி நேரம் பிடிபடறதில்லீங்க. இந்த ஆளு நூலுக்கு நூலு கணக்குப் போட்டுத் தெச்சிருக்காரு. எங்கீங்க அவரு?”

பாலகோபால் வாசலுக்கு வந்து, கையில் கிடைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு உக்கடத்துக்கு மிதித்தார்.

ரசாக் பாய் வீட்டுக்குள் பாதி இருட்டில் உட்கார்ந்து, வெள்ளைக் குல்லாவில் வெள்ளை நூலால் கொடி ஓட்டிக்கொண்டிருந்தார். பாலகோபால் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுப்போடுங்க பாய். புத்தியில்லாமப் பேசிப்போட்டேன். ஸ்டூடியோவே உங்களத் தேடுது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, கேமராவுக்கே தெரியாத அந்த வித்தையை எங்கீங்க கத்துக்கிட்டீங்க?”

பாய் சமையல்கட்டுப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தார். அங்கே அவர் மனைவி ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

“வெளியில சொல்லிப்போடாதீங்க. பொறந்ததுலேருந்து எனக்கு உலகமே கறுப்பு வெள்ளதானுங்க.”